ஏசி குழாயில் சாம்பிராணிப் புகை

உப்புக்காற்றுக்குப் பயந்து ஜன்னல்களை அடைத்து, வீடு முழுவதற்கும் ஒரே ஏசி வைத்தோம். கூரைக்குள் ஓடும் குழாய்கள் எல்லா அறைக்கும் குளிர்காற்றைக் கொண்டுபோகும். அன்று குழந்தையைக் குளிப்பாட்டி மாடியில் தூங்கவைத்துவிட்டு, சாம்பிராணிக் கரண்டியை ஏசி காற்றை இழுக்கும் கம்பித் தட்டியின் கீழே வைத்தேன். புகை எல்லா அறைக்கும் தானாகப் போய்விடுமே என்ற சாமர்த்தியம்!

திடீரென்று பிளாஸ்டிக் கருகும் நாற்றம். கங்கிலிருந்து பறந்த பொறி, தூசி அப்பிய ஃபில்டரில் பற்றியிருந்தது. கரும்புகை குழாய் வழியே மாடிக்கும் ஏறிக்கொண்டிருந்தது.

"ஏளா, மெயினை அணை! நான் பிள்ளையத் தூக்குதேன்" என்று கணவர் ஓடினார். மெயினை அணைத்து, ஃபில்டர்மேல் ஒரு வாளித் தண்ணீரை வீசினேன்; தீ அணைந்தது. மாடியில் அழுகைச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போது ஃபில்டரை அடிக்கடி கழுவுகிறேன். ஏசியை அணைத்து, ஜன்னல்களைத் திறந்த பிறகே சாம்பிராணி போடுகிறேன். உப்புக்காற்று வந்தால் வரட்டும்.

– ஒரு வாசகி, மாப்பிள்ளையூரணி