வீட்டுக்கு வீடு வெள்ளம்

ஜெயபாய் மாமி வார்டு மெம்பர் தேர்தலுக்கு வேட்புமனு கொடுத்துவிட்டு வந்த மத்தியானம், சிப்ஸ் வறுக்கிற அடுப்பின் முன்னால் நின்றபடியே பக்கத்து வீட்டு அபிதாவைக் கூப்பிட்டாள். நீ போனில் அரசியல் எழுதுகிறாயாமே, உள்ளதுதானா என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு வலைப்பூ என்று பெயர் என்றாள் அபிதா. எத்தனை பேர் படிப்பார்கள் என்று மாமி கேட்டாள். நேற்று அறுபத்தொன்று என்றாள் அபிதா. அதில் நாற்பது தடவை திறந்தது தன்னுடைய போன்தான் என்பதைச் சொல்லவில்லை. அறுபத்தொன்றும் நம்ம வார்டிலா என்று மாமி ஆசையாகக் கேட்டாள். இல்லை, பாதிப்பேர் வெளிநாட்டில் என்றதும் அவள் முகம் கொஞ்சம் வாடியது. எண்ணெயில் கிடந்த காயைப் புரட்டிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தாள்.

"எனக்கு ரெண்டு வரி எழுதித் தாறியா மக்கா? மைக்குல சொல்லணும். கேட்டவன் மறக்கப்பிடாது."

யோசித்துச் சொல்கிறேன் என்றாள் அபிதா. யோசிக்க என்ன இருக்கிறது. மூன்று வருடமாக இப்படி யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் அவள் எழுதிக்கொண்டிருந்தாள். 'முழக்கங்களின் ஆற்றல்' என்று ஐந்து பகுதிகளில் கட்டுரை போட்டவள். 'சரியான இடத்தில் விழும் ஒரு சொல் எதையும் கவிழ்க்கும்' என்பது நான்காம் பகுதியின் கடைசி வரி. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அறைக்குள் போய்விடுவாள். பஸ்ஸில் இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போனாலும் நிறுத்தச் சொல்ல வாய் வராது. அப்பேர்ப்பட்டவள்தான் ஊரைக் கூட்டிக் கத்துவது எப்படி என்று உலகத்துக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

ஜெயபாய் பிறந்தது குமரி மாவட்டத்தின் மேற்கே, மலையாளம் கலந்து பேசுகிற கருங்கல் பக்கம். கட்டிக்கொடுத்தது கிழக்கே, வயலும் வாய்க்காலுமான இந்தப் பேரூராட்சியில். புருஷன் ரசலையன் பதினெட்டு வருடம் மஸ்கட்டில் இருந்துவிட்டு ஒரு முதுகுவலியோடு திரும்பி வந்து டிவி முன்னால் உட்கார்ந்தார். மாமி வடசேரிச் சந்தையில் நேந்திரங்காய் எடுத்து, வறுத்து, பாக்கெட் போட்டு, இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தாள். அவர்கள் இருந்த மேட்டுத்தெருவில் குழாய்த் தண்ணீர் ஒன்பது நாளைக்கு ஒரு தரம் வரும். வராவிட்டால் அலுவலகத்துக்குப் போன் போடுகிறவள் அவள்தான். குழாய் திறந்துவிடுகிறவர் அவள் நம்பரைப் பார்த்தாலே போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிடுவார் என்று தெருவில் சொல்வார்கள். ஒரு தடவை பதினான்கு நாள் ஆனது. அந்த ஞாயிறு சர்ச் வாசலில் நின்று, இனி யாருக்கும் போன் போடப்போவதில்லை, மெம்பராகிப் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். மேட்டுத்தெருவுக்குத் தனி லைன் ஒன்று வேண்டும். அவள் தேர்தலில் நின்றது அதற்காக மட்டும்தான்.

அபிதா இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். தண்ணீருக்கு எதுகை தேடினால் கண்ணீர்தான் வந்தது. அது வெற்றிக்கு ஆகாது. அவள் ஐந்தாம் வகுப்புவரை கேரளத்துப் பாறசாலையில் மலையாளம் படித்தவள், பிறகுதான் தமிழ். அவள் வீட்டில் தாகத்துக்குக் கேட்பது வெள்ளம். அந்தச் சொல்லை நினைத்ததும் உள்ளம் தானாக வந்து பக்கத்தில் நின்றது.

'வீட்டுக்கு வீடு வெள்ளம், குளிர்ந்திடும் நம் உள்ளம்.'

மாமி அதை மூன்று தடவை சத்தமாகப் படித்தாள். பாட்டு மாதிரி இருக்கிறது, இது மதி, வேறொன்றும் வேண்டாம் என்றாள். இருபத்தாறு வருடம் கிழக்கே வாழ்ந்தவள்தான், ஆனாலும் அந்த வரியைக் கேட்டது அவளுடைய கருங்கல் காது. சின்னம் ஒதுக்கியபோது குடம் கேட்டாள், கிடைத்தது படகு. இயேசு புயலை அடக்கியதே படகில் நின்றுதானே என்று அதற்கும் சந்தோஷப்பட்டாள். ஆயிரம் நோட்டீஸ் அடித்து வந்தது. மேலே படகு, கீழே முழக்கம், நடுவில் கைகூப்பிய ஜெயபாய்.

ரசலையன் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார்.

"ஏட்டி, இது வாக்குறுதியா, சாபமா?"

அவர் கிழக்கத்தி ஆள். கிழக்கே குடிப்பது தண்ணி. வெள்ளம் என்றால், கார்த்திகை மழையில் வாய்க்கால் உடைந்து கீழத்தெரு வீடுகளுக்குள் புகுந்து கட்டிலை மிதக்கவிட்டதே, அதுதான். அது நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. வார்டின் பாதி ஓட்டு கீழத்தெருவில் இருந்தது. மாமிக்காக மைக் கட்டிய ஆட்டோ அன்று காலையிலேயே கீழத்தெருவில் மூன்று சுற்று வந்திருந்தது.

சும்மா இருந்திருந்தாலாவது நான்கு நாளில் மறந்திருப்பார்கள். அபிதா வலைப்பூவில் விளக்கம் எழுதினாள். 'வெள்ளம்: ஒரு சொல்லின் பயணம்', ஆயிரத்து எண்ணூறு வார்த்தை. பெருக்கைக் குறித்த சொல் நீரைக் குறிக்க வந்த கதை, மலையாள வழக்கு, மேற்கோள் எல்லாம் இருந்தது. முதன்முறையாக வார்டுக்காரர்கள் அவள் வலைப்பூவைப் படித்தார்கள். தலைப்பை மட்டும் படம் பிடித்து, வெள்ளத்தின் பயணம் கீழத்தெரு வழியாகத்தான் என்று எழுதி வாட்ஸப்பில் சுற்றவிட்டார்கள்.

எதிர்த்து நின்றது கீழத்தெரு பகவதி. அவளுடைய முழக்கம் 'பகவதி வந்தால் பகல் வரும்'. இதற்குப் பொருளே இல்லை என்று அபிதா முன்பே ஒரு பதிவில் நிறுவியிருந்தாள். பொருள் இல்லாததால் அதில் தப்பு கண்டுபிடிக்கவும் யாராலும் முடியவில்லை.

கீழத்தெருவுக்கு ஓட்டுக் கேட்கப் போனபோது நோட்டீஸ் கட்டை மார்போடு அணைத்து, மாமியின் முதுகுக்குப் பின்னால் நடந்தாள் அபிதா. நாங்கள் சொன்னது குடிக்கிற தண்ணி என்று மாமி வீடு வீடாக விளக்கினாள். சிலர் சிரித்தார்கள். ஒருத்தி, போன மழைக்கு வந்ததே போதும் என்று கதவைச் சாத்தினாள். பகவதிக்கு ஆட்டோ ஓட்டுகிற பெனிஷ் வண்டியை ஓரம் கட்டி, கூடியிருந்தவர்களுக்குக் கேட்கும்படி சொன்னான்.

"குறை சொல்லாதீங்கப்பா. அக்கா வெள்ளமும் தருவா, ஏறிப் போகப் படகும் தருவா."

மாமியே சிரித்துவிட்டாள்.

பதினோரு ஓட்டில் தோற்றாள். அபிதா வெளியே தலைகாட்டவில்லை. உட்கார்ந்து ஒரு மன்னிப்புப் பதிவு எழுதினாள். தலைப்பு 'நான் கவிழ்த்த படகு' என்றிருந்தது. 'கவிழ்ந்த' என்று போட்டால் இன்னும் உருக்கமாக இருக்குமோ என்று அரைமணி நேரம் மாற்றிமாற்றிப் பார்த்தாள். அந்த அரைமணி நேரத்தில் மாமியின் நினைவு ஒருதரம்கூட வரவில்லை என்பது உறைத்ததும் அழித்துவிட்டாள்.

ஐந்தாம் நாள் மாமி வந்தாள். முழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அபிதா இரண்டு மொழியிலும் மன்னிப்புக்குச் சொல் தேடிக்கொண்டிருந்தபோதே அவள் தன் காரியத்தைச் சொன்னாள். மேட்டுத்தெருவில் தண்ணி வந்து பன்னிரண்டு நாளாகிறது. மெம்பராகிவிட்ட பகவதியைப் போய்ப் பார்க்கவேண்டும். ரசலையன் வரமாட்டேன் என்று டிவியைச் சத்தமாக வைத்துவிட்டார்.

"காலையில என்கூட அவ வீடுவரைக்கும் வா மக்கா. தோத்துட்டு ஒத்தைக்குப் போய் நிக்க ஒரு மாதிரி இருக்கு. நீ ஒண்ணும் பேசாண்டாம். பக்கத்துல நின்னா மதி."