புகை வராத என் வண்டி

ஏழெட்டு வருஷம் இருக்கும். அப்போது நான் இடுக்கி மாவட்டம் சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் டிஸ்பென்சரியில் பார்மசிஸ்டாக இருந்தேன். குவார்ட்டர்ஸ் ஒரு டிவிஷனில், டிஸ்பென்சரி இன்னொரு டிவிஷனில். நடுவில் ஏழு கிலோமீட்டர் மலைப்பாதை. அதற்காகத்தான் அந்த டீசல் காரை ஆசை ஆசையாய் வாங்கினேன். வெளிநாட்டுக் கம்பெனி வண்டி. ஏற்றத்தில் சத்தமே போடாமல் ஏறும். நான் போகிற இடமெல்லாம் அதன் பெருமையைத்தான் பேசிக்கொண்டிருப்பேன்.

அந்த ஊரில் காலை என்பதே பாதிக் கனவு. ஆறரை மணிக்குக் கதவைத் திறந்தால் எதிரே மலையும் இருக்காது, தேயிலையும் இருக்காது. வெறும் வெள்ளை. வேலைக்குப் போகிறவர்களின் பேச்சு மட்டும் எங்கிருந்தோ வரும், ஆள் தெரியாது. நான் எஞ்சினை ஓடவிட்டுவிட்டு உள்ளே போய் நிதானமாகக் காப்பி குடிப்பேன். கண்ணாடியில் படிந்த பனி விலகப் பத்து நிமிஷமாவது ஆகும். உள்ளேயிருந்து பார்த்தால் என் வண்டி அந்த வெள்ளைக்குள் நின்று மெதுவாக மூச்சு விடுவதுபோல் இருக்கும். டம்ளர் ஆறிப்போவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

வண்டி நிற்கும் இடத்துக்கு நேர் பின்னால் லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசி வீடு. அங்கே ஒரு அக்கா இருந்தார். ஐம்பது வயதிருக்கும். கொழுந்து கிள்ளும் வேலை, கூடவே மூச்சிழுப்பு. அவருடைய சமையலறை ஜன்னல் எப்போதும் சாத்தியே கிடக்கும். எனக்கு முன்னால் குவார்ட்டர்ஸில் இருந்தவருடைய பழைய ஜீப், கரும்புகையை நேரே அந்த ஜன்னலுக்குள் கக்குமாம். அந்தப் பயம் விடவில்லை. உள்ளேயோ விறகடுப்பு. இப்படி மூடி வைத்தால் இழுப்பு எப்படிக் குறையும் என்று எனக்கு ஆதங்கம்.

ஒரு நாள் அவரைக் கூப்பிட்டு, என் வெள்ளைக் கைக்குட்டையை சைலன்ஸர் முனையில் பிடித்துக் காட்டினேன். துளி அழுக்கில்லை. "என் வண்டியில புகையே வராதுக்கா. நான் சொல்றேன்ல, தைரியமா ஜன்னலைத் திறந்து வைங்க" என்றேன். மருந்து கொடுக்கிறவள் சொன்னால் மறுபேச்சு உண்டா? அன்றே திறந்துவிட்டார்.

அந்தப் பனிக்காலத்தில் அவருக்கு இழுப்பு அதிகமானது. மாதம் ஒருமுறை டிஸ்பென்சரிக்கு வந்தவர் வாரா வாரம் வர ஆரம்பித்தார். நான் பனியைக் குறை சொன்னேன், விறகைக் குறை சொன்னேன், இன்ஹேலரை ஒழுங்காக இழுப்பதில்லை என்று அவரையே திட்டினேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். மருந்தை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விடுவார்.

அப்புறம்தான் கார் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. வண்டியில் ஒரு சாஃப்ட்வேர் மாற்ற வேண்டும், செலவில்லை, கொண்டு வாருங்கள் என்று தேன் தடவின பாஷையில். புகைச் சோதனையில் மோசடி என்று டிவியில் ஏற்கெனவே அரசல்புரசலாகக் கேட்டதுதான். எங்கேயோ வெளிநாட்டில் நடக்கிற சமாசாரம் என்று இருந்துவிட்டேன். கொச்சி சர்வீஸ் சென்டரில் என்னைப் போல ஐந்தாறு பேர் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கு மைலேஜ் குறைந்துவிடுமோ என்று கவலை. இன்னொருவர், இனி இதை யார் வாங்குவார்கள் என்று பொருமினார். நான் மட்டும் என்ன ஒழுங்கு? ஏற்றத்தில் இழுவை குறையுமா என்றுதான் முதலில் கேட்டேன். ஏமாந்தவர்கள் நாங்கள்தான் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமில்லை.

சர்வீஸ்காரர் மலையாளி. எனக்காக மலையாளம் கலந்த தமிழில் விளக்கினார். "பேடிக்கண்டா சேச்சி, பயப்படாதீங்க. டெஸ்ட் மெஷின்ல ஏத்தினா சக்கரம் மட்டும் சுத்தும், ஸ்டியரிங் அனங்காது, அசையாது. அப்போ வண்டிக்கு மனசிலாகும், இது பரீட்சைன்னு. உடனே நல்ல குட்டி ஆயிடும். ரோட்டில எறங்கினா பழைய குணம்." நான் கைக்குட்டைக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டார். இந்த வண்டி கக்கும் வாயு கண்ணுக்கும் தெரியாது, துணியிலும் ஒட்டாது, நெஞ்சுக்குள் போனால்தான் தெரியும் என்றார். எனக்குச் சுருக்கென்றது.

திரும்பும்போது அடிமாலி தாண்டியதும் பனி இறங்கிவிட்டது. ரோடு எது, பள்ளம் எது என்று தெரியாமல் வண்டி வெள்ளைக்குள் மிதந்துகொண்டிருந்தது. நான் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக அசைத்துக்கொண்டே வந்தேன், யாரும் உன்னைப் பரீட்சை பண்ணவில்லை என்று அதற்குச் சொல்வதுபோல. இத்தனை நாளும் நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அதுவும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததோ என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அந்தப் பனியில் எதையும் நம்பலாம் போலிருந்தது. அந்தத் திறந்த ஜன்னல் மட்டும் கண்ணுக்குள் வந்து வந்து போனது.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சாஃப்ட்வேரும் மாற்றியாயிற்று. இரண்டு நாள் அப்படியே முழுங்கிக்கொண்டு இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்கவில்லை, போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"மானேஜரு பெரிய துரை ரவுண்டு வாரப்ப நாங்க எளங்கொழுந்தாப் பாத்துக் கிள்ளுவோம். அவரு தலை மறைஞ்சதும் முத்தல் இலையும் கூடைக்குள்ள போயிரும். உங்க வண்டியும் எங்க ஆளுதான் கம்பவுண்டரம்மா!" என்று இருமிக்கொண்டே சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பாடா என்றிருந்தது.

சிரிப்பு அடங்கியதும் அருவாமனையை ஓரமாக வைத்தார். "கம்பெனிக்காரன் அதுக்குப் பொய் சொல்லப் படிச்சுக் குடுத்தான், சரி. நீங்க எதுக்கும்மா அதுக்குச் சாட்சி சொன்னீக? நான் வண்டிய நம்பியா ஜன்னலத் தொறந்தேன்?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் கேட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மன்னிச்சிருங்கக்கா என்றேன்.

மறுநாளிலிருந்து வண்டியை வளைவு தாண்டி, வீடே இல்லாத இடத்தில் நிறுத்தினேன். கண்ணாடிப் பனியைத் துணியால் துடைத்துவிட்டுக் கிளம்பினேன். வெயில் காலம் வந்ததும் அக்காவுக்கு இழுப்பு குறைந்தது. வண்டியை மாற்றி நிறுத்தினதாலா, வெயிலாலா என்று அவரே கேட்டார். "தெரியலக்கா" என்றேன். அவரிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

இப்போது வேறு ஊரில், வேறு மருந்து கவுண்டரில் நிற்கிறேன். இதைச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாதே என்று யாராவது கேட்கும்போது, ஆகவே ஆகாது என்று அடித்துச் சொல்ல நாக்கு துடிக்கத்தான் செய்கிறது. ஆனால் என் வார்த்தையை நம்பித்தான் எதிரில் இருப்பவர் அடுத்த மூச்சை இழுக்கப்போகிறார் என்ற நினைப்பு வந்ததும், வாய் தானாக நிதானப்பட்டுவிடுகிறது.