விரலுக்குள் வைத்த சவ்வு

பாளையங்கோட்டையில் தட்டச்சுப் பள்ளி நடத்திக்கொண்டிருந்த நாளில், அரிவாள்மணையில் வாழைக்காய் நறுக்கும்போது என் இடது சுட்டுவிரலின் உட்பக்கத் தசைநாண் அறுந்துபோனது. பக்கத்து ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். புண் ஆறியது, விரல்தான் மடங்கவில்லை.

வேறொரு மருத்துவமனையில் காட்டினோம். அங்கிருந்த இளம் டாக்டர் விரலை அமுக்கிப் பார்த்தார். "உள்ளே தழும்பு வளர்ந்து நாணைப் பிடிச்சுக்கிட்டிருக்கும்மா. பிரிச்சுவிட்டு, மறுபடி ஒட்டாம இருக்க மெல்லிசா ஒரு சவ்வைச் சுத்தி வைக்கிறேன். அது தானாக் கரைஞ்சிடும்."

கரைந்துவிடும் என்றது என் கணவருக்குப் பிடிக்கவில்லை. பேருந்திலேயே ஆரம்பித்தார். "ஏட்டி, கரைஞ்சு போற சாமானை வச்சாரா வைக்கலையான்னு யாரு பார்க்கப் போறா? புதுசா என்னமோ வந்திருக்கு. ஒன் கையில வச்சுப் பழகுதாரு."

அவரை அதட்டினேன். ஆனால் சந்தேகம் என்னையும் பிடித்துக்கொண்டது. அடுத்த முறை போனபோது, அது எதில் செய்த சவ்வு என்று டாக்டரிடம் கேட்டேன்.

"மனுஷ உடம்புல இருந்து எடுத்ததுதான். சுத்தம் பண்ணினது" என்றவர், என் முகத்தைப் பார்க்காமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

யாருடைய உடம்பு? செத்த உடம்பா? விறைத்த விரலோடு மாணவிகள் முன்னால் உட்காரக் கூசியதால் மட்டுமே சம்மதித்தேன்.

ஆபரேஷன் அன்று கையை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். இடையில் பச்சைத் துணித் திரை. காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். "சவ்வை எடுங்க" என்றது கேட்டது. பிறகு யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எதற்கு என்று வெகுநாள் யோசித்தேன்.

கட்டு மாற்ற வந்த சாத்தான்குளத்து நர்சிடம் பையக் கேட்டேன்.

"டாக்டர் சொல்லலையாக்கா? பிரசவ வார்டுல இருந்து வந்தது. வயித்துப் பிள்ளையைச் சுத்திப் பனிக்குடம் இருக்கும்லா, அந்தச் சவ்வு."

கேட்டுக்கொண்டு நின்ற கணவர் நேரே டாக்டர் அறைக்குள் போனார். நானும் பின்னால் போனேன்.

"எவ பிள்ளை பெத்ததோ, என்ன சீக்கு இருந்துச்சோ! யாரைக் கேட்டு வச்சிய?"

ஊர்ச் சுவரெல்லாம் எய்ட்ஸ் எச்சரிக்கை எழுதியிருந்த காலம் அது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "பெத்தவங்க சம்மதிச்சுக் கொடுத்தது. அவங்க ரத்தத்தையும் பரிசோதிச்சாச்சு. உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். சொன்னா வேண்டாம்னுடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

அதையும் நான் நம்பவில்லை. ஜங்ஷனில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் என் ரத்தத்தைக் கொடுத்தேன். சில மாதம் கழித்து மறுபடியும் கொடுத்தேன். ஒன்றுமில்லை என்றார்கள். இதற்கிடையே, டாக்டர் சொன்னபடி கண்ணீர் வர வர விரலை மடக்கிப் பழகினேன். முழுதாக மடங்கவில்லை; தட்டச்சு செய்யும் அளவுக்கு மடங்கியது.

கடைசியாகப் போனபோது டாக்டரிடம் கேட்டேன்: "சவ்வு வச்சதாலதான் மடங்குதா?"

"தெரியலம்மா. அது உதவியிருக்கலாம். நீங்க விடாம மடக்கினதாலயும் இருக்கலாம். வைக்காம விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யார் சொல்ல முடியும்?"

அவர் சொன்னதிலேயே இதை மட்டும்தான் முழுதாக நம்பினேன்.

"பார்த்தியா, அவருக்கே தெரியல" என்றார் கணவர், வெளியே வந்ததும்.

திரும்பும் பேருந்தில் எதிர் இருக்கையில் ஒருத்தி கைப்பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். சவ்வைக் கொடுத்தவள் இவளாக இருக்குமோ என்று தோன்றியது. அவள் இறங்கும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.