முன்பின் தெரியாத காசிலிங்கம்

கூடத்தில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். முதலில் ஒன்று, சற்று இழுத்து இன்னொன்று. அடுக்களையில் காபி ஆற்றிக்கொண்டிருந்த டாக்டர் கீதாஞ்சலியின் கை அப்படியே நின்றது. அந்தக் கனைப்பு அவளுக்குத் தெரியும். காசநோயாக இருக்குமோ என்று பயந்து, அந்த நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து எத்தனை முறை கேட்டிருப்பாள்!

அம்மா ஆராயி ஓடிவந்தாள். "அருண்ராஜோட அப்பா பொண்ணு பாக்க வந்துட்டாருடி. சிரிச்ச முகமா வா!"

மரக்காணம் உப்பளத்தில் கால் வெடிக்க வெடிக்க உழைத்து மகளை டாக்டராக்கியவள் ஆராயி. மகளோ காசு கொழிக்கும் துறைகளை எல்லாம் விட்டுவிட்டு, எச்.ஐ.வி. சிகிச்சை ஆராய்ச்சிக்குப் போனாள். பயிற்சிக் காலத்தில், அந்த நோயாளிகளின் வார்டில் ஊழியர்கள் சாப்பாட்டுத் தட்டை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடுவார்கள். அதை எடுத்து உள்ளே கொடுக்கப் போனவள், பிறகு வெளியே வரவே இல்லை. இப்போது புதுச்சேரியில், தினமும் மாத்திரை விழுங்குவதற்குப் பதில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போதுமா என்று பார்க்கும் ஆய்வை நடத்துகிறாள். மாநாடுகளில் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஊரில் மட்டும், "ரத்த ஆராய்ச்சி" என்று ஆராயி சொல்லி வைத்திருந்தாள்.

வானூரில் வாத்தியாராக இருக்கும் காதலன் அருண்ராஜுக்கு அவள் வேலை தெரியும். அவளுக்காக உயிரையும் கொடுப்பான். அப்பா சம்மதம் இல்லாமல் தாலி மட்டும் கட்ட மாட்டானாம். அப்பேர்ப்பட்ட வீரன்!

அவள் காபியோடு கூடத்துக்கு வந்தாள். உப்பு வியாபாரி காசிலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். நெற்றி விபூதி வேர்வையில் கரைந்து வழிந்தது. மகனுக்கும் தெரியாமல் அவளுடைய ஆய்வில் சேர்ந்து ஊசி போட்டுக்கொள்பவர் அவர். மகன் சொன்ன கீதா, தான் கும்பிடும் டாக்டரம்மா என்பது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

அவள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளியை வெளியில் கண்டால், அவராகச் சிரிக்கும் வரை டாக்டர்கள் தெரிந்ததாகக் காட்டக் கூடாது. காசிலிங்கம் சிரிக்கவில்லை.

"வணக்கங்க. அருண் அப்பாவ இன்னிக்குத்தான் பாக்குறேன்," என்றாள்.

போன உயிர் அவருக்குத் திரும்பி வந்தது. வந்த உயிர் சும்மா இருக்கவில்லை.

"ரத்த ஆராய்ச்சின்னாங்களே, என்ன ரத்தம்மா?"

"எச்.ஐ.வி.ங்க."

"சிவ சிவா! அந்த மாதிரி ஆளுங்களோட பொழங்குற பொண்ணு எங்க வீட்டுக்கு வெளக்கேத்துறதா? நாங்க மானம் மரியாதையா வாழுற குடும்பங்க." சொல்லிவிட்டு, காபியைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்.

ஆராயி பதறினாள். "அது தொட்டா ஒட்டாதுங்க! ஏய், ஊருக்கெல்லாம் சொல்றல்ல, வாயத் தொறந்து சொல்லேன்டி!"

ஒரே ஒரு வார்த்தை போதும். காசிலிங்கம் தன் கையாலேயே தாலியை எடுத்துக் கொடுப்பார். அந்த வார்த்தை கீதாஞ்சலியின் நெஞ்சுக்குள் சுழன்று, கண்ணில் நீராக வந்து நின்றது.

"அவருக்கு இஷ்டமில்ல போல. விட்டுடும்மா."

ஆராயி முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உள்ளே போனாள். காசிலிங்கம் வாசல்வரை விறைப்பாக நடந்தார். செருப்பை மாட்டியவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டாக்டரம்மா... ஊசி இந்த வாரமா, அடுத்த வாரமா?"

"புதன்கிழமைங்க. தள்ளிப் போட்டுடாதீங்க."

"நீங்க இருப்பீங்கல்ல?"

"இருப்பேன்."

அவர் நிம்மதியாக வண்டியைக் கிளப்பிப் போனார். அவள் கதவைச் சாத்தினாள்.