காசிமேட்டில் என் பழைய கண்ணாடி

ஆஸ்லோவில் காலையானால் என் பக்கத்து வீட்டுக்காரர்கள் சமையலறையில் வரிசையாக நின்று ஆளுக்கொரு ஸ்பூன் மீன் எண்ணெய் குடிக்கிறார்கள். ‘த்ரான்’ என்று பெயர். மீன் வாடைக்குப் பயந்து ராயபுரத்திலிருந்து விமானம் ஏறியவன் நான். இப்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு நானும் அதைத்தான் விழுங்குகிறேன்.

எல்லாம் கண்ணால் வந்த வினை. இந்த வயதில் போய் கிட்டப்பார்வை கூடிவிட்டது. நான் ஓட்டுவது பஸ். கண் போனால் பிழைப்பு போச்சு. பயத்தில், ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் தெருப் பலகைகளைப் படித்துக்கொண்டே திரிந்தேன். எதிரே வந்த பெண்மணிகள் தவறாக எடுத்துக்கொண்டார்கள். டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்து, வைட்டமின் டி தரைமட்டம் என்றார். “கிட்டப்பார்வை உள்ள பெரியவர்கள் சிலரிடம் இது குறைவாக இருக்கிறது. ஆனால் இதனால்தான் அது என்று சொல்ல முடியாது. வெயிலில் இருப்பீர்களா?”

“நான் ராயபுரம். ஆயுசுக்கும் தேவையான வெயிலைச் சின்ன வயதிலேயே வாங்கிவிட்டேன்.”

அவர் சிரிக்கவில்லை. அது உடம்பில் அத்தனை வருஷம் தங்காது என்று கவலையோடு விளக்கினார். அந்த வைட்டமினுக்காகத் தினம் ஒரு ஸ்பூன் த்ரானும், புதுக் கண்ணாடியும் எழுதித் தந்தார்.

‘சொல்ல முடியாது’ என்றதை என் காது வாங்கவே இல்லை. அன்றிலிருந்து சவரிமேல் பொறாமை. என்னோடு படித்தவன், காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறான். நாள் முழுக்கத் தலைக்கு மேல் ஓசி வெயில்! டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போனபோது, கடலில் ஒரு புள்ளியைக் காட்டி, “தோ வருது பாரு மாமு, மைக்கேல் போட்டு” என்றான். கிட்டே வந்த படகு, மைக்கேல் போட்டேதான். எனக்கு வயிறு எரிந்தது.

“இன்னா கண்ணுடா உனக்கு! எல்லாம் வெயிலு.”

“வெயிலா? மண்டைதான் காஞ்சிகினு கீது.”

தடுமாறட்டும் என்று, பையில் கிடந்த என் பழைய கண்ணாடியை அவன் மூக்கில் மாட்டிவிட்டேன். சவரி அப்படியே நின்றுவிட்டான்.

“டேய் மாமு, போட்டு மேல பேரு எழுதிக்கீதுடா!”

“இத்தினி நாளா தெர்லியா? அப்புறம் எப்டி சொன்னே?”

“ஒவ்வொரு போட்டும் ஒரு தினுசா ஆடிகினு வரும் நைனா. பேர எவன் படிச்சான்?”

இத்தனை வெயில் குடித்தவனுக்கும் கிட்டப்பார்வை! நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் புதுக் கண்ணாடியோடு நான் உற்றுப் பார்த்தும், எந்தப் போட்டின் ஆட்டமும் எனக்குப் பிடிபடவில்லை. சவரியோ கண்ணாடியைத் திருப்பித் தரவில்லை.

இங்கே பஸ் ஓடுகிறது, ஸ்பூனும் தொடர்கிறது. மதியம் சாப்பிட்டு முடிப்பதற்குள் இருட்டிவிடுகிறது. வீடியோவில் சவரி வந்தால், எத்தனையோ வருஷம் என்னோடு பனியைப் பார்த்த அந்தக் கண்ணாடியில் காசிமேட்டு வெயில் பளீரென்று அடிக்கிறது. சவரியை மன்னித்துவிட்டேன். கண்ணாடியைத்தான் மன்னிக்க முடியவில்லை.