எங்கடவுக்கும் நம்மடவுக்கும் நடுவில்

சர்வதேச உறவுகள் படிப்பிக்கிறவனுக்கு உலக வரைபடம் மனப்பாடம், பக்கத்து ஊர்தான் அடிக்கடி மறந்துபோகும். வெளிவாரிப் பட்ட மாணவர்களோடு மாரடிக்கும் சக வாத்திமாரே, உங்களுக்கு இது விளங்கும்.

முன்வரிசையில் ஒரு மேசன்

"கட்டுமானவாதம், சனி காலை ஒன்பது மணி" என்று கல்முனையில் என் வகுப்பு வாசலில் ஒட்டியிருந்தேன். சம்மாந்துறையிலிருந்து ஒரு மேசன் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். வீடு கட்டுகிறவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும் வகுப்பு என்று நினைத்தாராம். எழுப்பி அனுப்ப மனம் வரவில்லை. நாடுகளுக்குள் பகையும் நட்பும் பிறவியிலேயே வருவதில்லை, பேசியும் பழகியும் மனிதர்கள்தான் அவற்றைக் கட்டுகிறார்கள் என்று அவருக்கும் சேர்த்தே படிப்பித்தேன். முடிவில் அவர் சொன்னார்: "அப்ப இதுவும் மேசன் வேலதான் சேர். ஆனா நூல் பிடிச்சுப் பாக்க ஒருத்தரும் இல்ல போல இரிக்கி."

வாய் தவறிய சொல்

பிறகு ஊரில் தமிழ்ப் பகுதிக்கும் முஸ்லிம் பகுதிக்கும் நிர்வாக எல்லையை எங்கே போடுவது என்ற பிரச்சினை சூடுபிடித்தது. தமிழ்க் கடைகளும் முஸ்லிம் கடைகளும் மாறிமாறிப் பூட்டின. அந்தச் சனிக்கிழமை, ஒரு நாடு 'நாங்கள்' என்று யாரை நினைக்கிறதோ அதிலிருந்துதான் அதன் தேவையே பிறக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். உதாரணத்துக்கு ஊர்க்கதையை எடுத்தேன். "எங்கட ஆக்கள் கேக்கிறதும் நியாயம்தானே" என்று வாயில் வந்துவிட்டது.

வகுப்பில் என்னைப்போல மற்றவர்களெல்லாம் முஸ்லிம்கள், தமிழ்ப் பிள்ளை ஒருத்திதான், பாண்டிருப்பு வினோதினி. இந்தப் பாடத்தில் இரண்டு தடவை தவறியவள். வரும் மாதம் எழுதுவது கடைசி வாய்ப்பு, அதுவும் போனால் பட்டமே இல்லை. அவள் பேனையை மூடிவைத்தாள். போகும்போது என் மேசையருகில் நின்றாள்.

"போன கிழம வரைக்கும் 'நம்மட ஆக்கள்' எண்டுதான் சேர் சொல்லுவீங்க."

கேற் வாசல்

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் அவள் வரவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. கேட்கிறவரையும் சேர்த்துக்கொள்ளும் சொல் எது, வெளியே நிறுத்தும் சொல் எது என்று படிப்பிக்கிறவனே அவளை வெளியே நிறுத்தியிருந்தேன். அந்தக் கிழமை தமிழர் ஊரான பாண்டிருப்புக்குப் போகாதே என்று வீட்டில் மறித்தார்கள். பயந்துகொண்டேதான் போனேன்.

அவளுடைய அப்பா கேற்றைத் திறக்காமல் நின்றார். அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். பிழை என்னுடையது, பிள்ளையின் பட்டத்தைக் கெடுத்துவிடாதீர்கள் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். அவர் பக்கத்து வீடுகளை ஒரு தரம் பார்த்தார். பிறகு கேற்றைத் திறந்தார்.

"புள்ளய மறிச்சது நான்தான் சேர். நீங்க வந்து மன்னிப்புக் கேட்டத இவ்வளவு பேர் பாத்திட்டாங்க, இனி மறிச்சா பிழை என்னிலதான். சனிக்கிழம நானே கூட்டிக்கொண்டு வாறன்."

புத்தகத்தில் ஒரே அத்தியாயத்தில் முடிகிற கோட்பாடு, அதைப் பதினாறு வருடம் படிப்பித்த எனக்கு விளங்குவதற்கு மட்டும் மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம் போக வேண்டியிருந்தது.