கதவுக்குப் பின்னால் கேட்டது

என் கணவர் குடியை நிறுத்த ஆன்லைனில் சிகிச்சை எடுக்கிறார். வியாழக்கிழமைதோறும் காரோடு ஊரில் உள்ள எங்கள் வீட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, போனில் டாக்டரம்மாவிடம் பேசுவார். எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. குடித்துவிட்டு இல்லை என்று சொல்வார், நேரில் பார்க்காத அந்த அம்மாவும் நம்பிவிடுவார் என்றே நினைத்தேன்.

ஒருநாள் கையும் களவுமாகப் பிடிக்க, கதவில் காதை வைத்து நின்றேன்.

"நேத்து குடிச்சேன் டாக்டரே. பாறசாலைக்கு ஒரு வேலையா போனப்போ ஆக்கும்," என்றார்.

"வீட்டில சொன்னீங்களா?" என்று ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில் டாக்டரம்மா கேட்டார்.

"இல்ல. அவ என்னட்ட ஒண்ணும் கேக்கமாட்டா. நான் குளிக்கப் போனா சட்டையை எடுத்து மோந்து பாப்பா. அதனால நேத்து நானே சட்டையை அலசிப் போட்டேன்."

நான் மோந்து பார்ப்பது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவரிடம் உண்மையைச் சொல்கிறவர், என்னிடம்தான் மறைத்திருக்கிறார்.

அவர் வெளியே வந்ததும், "நேத்து குடிச்சியளா?" என்று கேட்டேன்.

"குடிச்சேன்," என்றார்.

நான் கத்தவில்லை. கதவருகே ஒளிந்து கேட்டதை நானும் சொன்னேன்.

சந்தேகம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. இப்போது அதை அவர் முகத்தைப் பார்த்தே கேட்கிறேன்.